புகை மேலே, தார் கீழே

ஊட்டி, குன்னூர் பக்கம் வீடுகளுக்கு விறகு ஹீட்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். அடுப்பைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் புகைக் குழாயைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. வீட்டில் இருப்பவர்களைக் காப்பது அந்தக் குழாய்தான்.

ஊட்டியில் ஒருவர் படகில் வைக்கும் சின்ன இரும்பு அடுப்பு ஒன்று வாங்கியிருந்தார். அலையில் பாத்திரம் சரியாமல் இருக்க மேல்தட்டைச் சுற்றிக் கம்பி, தரையோடு சேர்த்து முடுக்கக் கால்களில் போல்ட் துளை. அருமையான வேலைப்பாடு. படகு அறையில் உயரம் கிடையாது, அதனால் உடன் வந்த பைப்பும் குட்டை. கடல் மட்டத்தில் அது ஓரளவு இழுக்கும். ஊட்டியோ 2,240 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே சூடான காற்று, வெளியே குளிர்ந்த காற்று, இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. காற்றே லேசாக இருந்தால் இழுவையும் குறையும். அதை உயரத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். எல்போ (வளைவு) எதுவும் போடாமல் நேராகத் தகரக் கூரையைத் தாண்டி, முகட்டுக்கு மேலே இரண்டு அடி போகும்படி பைப்பை ஏற்றினோம்.

கூட வந்த பட்டறை அண்ணன் கீழ்ப் பைப்பின் முனையை மேல் பைப்புக்குள் சொருகப் போனார். "புகை மேலதானே போவுது தம்பி, இப்படி விட்டாத்தானே வெளிய கசியாது?" பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அடுப்பு பற்றியதும், இன்னும் இறுக்காத ஜாயின்ட் ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினேன். அதன் புகை வளைந்து இடுக்குக்குள் போனது. நன்றாக இழுக்கிற குழாய் புகையை வெளியே விடாது, அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். வெளியே கசிவது தார்த் தண்ணீர். சீகை விறகு ஈரமாக இருந்தால் புகை பாதி வழியிலேயே குளிர்ந்து, கறுப்பாக உள்சுவரில் வழிந்து இறங்கும். மேல் பைப் கீழ்ப் பைப்புக்குள் உட்கார்ந்திருந்தால் அது திரும்ப அடுப்புக்கே போய் எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் ஜாயின்ட் வழியாக வெளியே வழிந்து, சூடு ஏறும்போதெல்லாம் வீடே நாறும். "மழைத்தண்ணி பைப் மாதிரி, சரி" என்று அண்ணனே திருப்பிப் போட்டு, ஜாயின்ட்டுக்கு மூன்று ஸ்க்ரூ முடுக்கினார்.

ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மலிவு என்று கேட்பார்கள். சூட்டில் அந்தப் பூச்சு புகையும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போடுவேன். ஒற்றைச் சுவர்ப் பைப்புக்கும் மரத்துக்கும் நடுவே 18 அங்குலம் விடுவேன்.

வெளிக்காற்று வர ஒரு துளை போடச் சொன்னபோது வீட்டுக்கார அம்மா குளிரும் என்று தயங்கினார். பனிக்காலத்தில் ஜன்னலை அடைத்துவிட்டுக் கரியடுப்போடு படுத்தவர்கள் எழுந்திருக்காத செய்தி மலையில் புதிதல்ல. அடுப்பு விடும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அடுப்புக்குப் பின்னாலேயே துளை போட்டால் குளிர்காற்று நேராக அடுப்புக்குத்தான் போகும் என்றேன். சம்மதித்தார். அந்தத் துளை இல்லாமல் நான் எந்த அறையிலும் அடுப்பு மாட்டுவதில்லை.