நூமா துரோ: செதுக்கு வேலையிலிருந்து வெளியுறவுக்கு

சுவிட்சர்லாந்தின் அமைச்சரவையான கூட்டாட்சிக் கவுன்சிலில் ஏழே பேர். மிக இளைய வயதில் அதற்குள் நுழைந்தவர் நூமா துரோ. 1875-ல், 31 வயதில்.

பிறந்தது 1844-ல், கடிகார ஊரான லா ஷோ-தெ-ஃபோனில். முதலில் கற்றது கடிகாரங்களில் செதுக்கு வேலை. பிறகு ஆசிரியர், பத்திரிகை ஆசிரியர், நேஷாத்தல் மாநில அரசியல், அங்கிருந்து தலைநகர் பெர்ன்.

அன்றைய நடைமுறை விசித்திரமானது. அந்த ஏழு பேரில் அந்த ஆண்டுக்கு யார் நாட்டின் தலைவரோ, அவரிடமே வெளியுறவுத் துறை. தலைவர் பதவியோ ஓராண்டுதான். கோப்புகள் கைவசப்படும் முன்பே ஆள் மாறிவிடுவார். அண்டை நாட்டுத் தூதர்களுக்கு இது எவ்வளவு வசதி! 1887-ல் தலைவராக இருந்த துரோ, ஆண்டு முடிந்தும் துறையை விடாமல் 1892 வரை வைத்திருந்தார்.

அதன் பலன் 1889-ல் தெரிந்தது. தனக்கு ஒற்றர் ஒருவரை அமர்த்த வந்த ஜெர்மன் போலீஸ் அதிகாரி வோல்கெமுட்டை சுவிஸ் காவலர்கள் ரைன்ஃபெல்டனில் கைது செய்து, நாடுகடத்தினார்கள். ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் கொதித்தார், இரு நாட்டு மக்களும் மற்ற நாட்டில் குடியேற வழிசெய்த ஒப்பந்தத்தையே ரத்து செய்வதாக அறிவித்தார். துரோ அசரவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை: வெளிநாட்டவரின் அரசியல் நடவடிக்கைகளைக் கண்காணிக்க, அதே ஆண்டு கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் பதவி நிரந்தரமாக்கப்பட்டது.

பதிப்புரிமைக்கான 1886 பெர்ன் ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாடுகளுக்கும் இவர்தான் தலைமை. பதவி விலகியபின் பெர்னில் சர்வதேச ரயில் போக்குவரத்து அலுவலகத்தின் இயக்குநர். 1899-ல் இறக்கும்வரை அதே வேலை.

வெளியுறவை ஒருவரே தொடர்ந்து கவனிக்கும் அவருடைய முறை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. 1920-ல்தான் நிலைத்தது. அப்போது துறையை ஏற்ற ஜுசெப்பே மோட்டா 1940-ல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார்.