அவள் சாப்பிட்டாளா?

என் தங்கை மகளுக்கு அப்போது மூன்று மாதம். பிறவியிலேயே இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. எடை நாலு கிலோவைத் தொடவில்லை.

கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு நடப்பதைச் சொல்கிறேன். பாப்பா நாலு வாய் உறிஞ்சும். மூச்சு வாங்கும். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும், அப்படியே கண் சொக்கிவிடும். தங்கை துடைத்துவிட்டு மறுபடி வாயில் வைப்பாள். அவள் பார்வை பிள்ளை முகத்தில் இருக்காது, புட்டியின் கோடுகளில் இருக்கும். 60 மில்லி இறங்க முக்கால் மணி நேரம்.

ஓட்டை வழியாக நுரையீரலுக்கு அதிக ரத்தம் போவதால், இந்தப் பிள்ளைகளுக்குப் படுத்திருக்கும்போதே ஓடுகிற உழைப்பு. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 150 கலோரி வரை தேவைப்படலாம். அதற்காக நிறையப் பாலும் கொடுக்க முடியாது, நீர் கூடினால் இதயத்துக்குச் சுமை. அதனால் பம்ப் செய்த தாய்ப்பாலில் டயட்டீஷியன் சொன்ன அளவு பால்மாவு கலந்து கொடுத்தோம். ஒரு வேளைக்கு அரை மணிக்கு மேல் போகக்கூடாது, குடிக்கும் களைப்பிலேயே குடித்த சத்து கரைந்துவிடும்.

எல்லாம் தெரியும், நோட்டிலும் எழுதி வைத்திருந்தோம். ஆனால் அரை மணியில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருக்கும் பாலைத் தன் குற்றமாக நினைத்தாள். பார்க்க வருகிறவர்கள் வேறு, "பால் பத்தலையா?" என்பார்கள். நானே ஒருநாள், "கொஞ்சம் பொறுமையா குடுத்துப் பாரேன்டி" என்றேன். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. பதற்றம் கூடினால், பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் தடைப்பட்டு, சுரந்த பாலும் இறங்காது. பம்ப்பில் பால் குறையக் குறைய அவள் இன்னும் ஒடுங்கிப்போனாள்.

அடுத்த செக்கப்புக்குத் தித்திவங்சாவில் எல்ஆர்டி ரயில் இறங்கிப் போனோம். எடை போட்ட மலாய்க்கார நர்ஸ் மிஸி பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தங்கையைப் பார்த்து, "சுடா மாக்கான்?" என்றார், சாப்பிட்டாச்சா என்று. அவ்வளவுதான், உடைந்து அழுதாள். முந்தின நாள் மதியம் தின்ற இரண்டு பிஸ்கட்டோடு வந்திருக்கிறாள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பிரசவத்துக்குப் பிந்தின மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 1987இல் வந்தது, கடந்த 7 நாள் மனம் எப்படி இருந்தது என்று 10 கேள்வி. அதைப் பார்த்து ஆலோசகரிடம் அனுப்பினார்கள்.

வீட்டில் முறை வைத்தோம். இரவு பத்து மணி பால் என்னுடையது, ஒரு மணி பால் மச்சானுடையது. அவள் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்கினாள். மூக்கு வழிக் குழாய் என்றாலே "என்னால முடியலன்னு ஆயிடும்" என்று மறுத்தவள், மூன்றாம் வாரம் தானே கேட்டு ஒத்துக்கொண்டாள். களைத்த பிறகு மிச்சப் பால் குழாயில் போனது. எடை ஏறத் தொடங்கியது, மெதுவாகத்தான்.

ஒருநாள் சுறாப்புட்டு கிண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். பாப்பாவின் முகத்தோடு முகம் வைத்து என்னவோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் புட்டி, 15 மில்லி மிச்சத்தோடு.