குரூப் 4: நீரிணை, கணவாய், இடைநிலை குழப்பமா?

வேலூரில் குரூப் 4 தேர்வுக்குச் சேர்ந்து படித்தவர்களிடம் அடிக்கடி கேட்ட புலம்பல் இது: "நீரிணை, நிலச்சந்தி, கணவாய் எல்லாம் படிக்கும்போது புரியுது, ஹாலில் உட்கார்ந்தால் மாறிப்போகுது." பெயரை மட்டும் உருப்போட்டால் மாறத்தான் செய்யும். இவை எல்லாமே நடுவில் இருக்கிறவை. அதனால் நோட்டில் பெயரை நடுவில் எழுதி, இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

அதிகம் குழப்புவது டிகிரி கால்வாய்கள். கால்வாய் என்றாலும் இவை யாரும் வெட்டியவை அல்ல, தீவுகளுக்கு நடுவே உள்ள கடல்தான். எண் என்பது அட்சரேகை. எண் குறைந்தால் தெற்கே போகிறோம். பத்து டிகிரி அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கிறது. மற்ற இரண்டும், அதாவது ஒன்பதும் எட்டும், லட்சத்தீவுப் பக்கம். அங்கே மினிக்காய் தீவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு வடக்கே ஒன்பது டிகிரி, அதைத் தாண்டினால் மற்ற லட்சத்தீவுகள். தெற்கே எட்டு டிகிரி, அதைத் தாண்டினால் மாலத்தீவு.

நீரிணை இரண்டு நிலங்களைப் பிரித்து இரண்டு நீர்ப்பரப்புகளைச் சேர்க்கும்; பாக் நீரிணைக்கு இருபுறமும் இந்தியா, இலங்கை. நிலச்சந்தி அப்படியே தலைகீழ், உதாரணம் பனாமா.

கணவாய்க்கு நம் ஊர் ரயிலே போதும். காட்பாடியில் ஏறி கோவை வழியாகக் கேரளா போகிறவர்கள் பாலக்காட்டுக் கணவாய்க்குள்தான் நுழைகிறார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. பகல் ரயில் என்றால் ஜன்னல் சீட் பிடியுங்கள்.

அப்புறம் தமிழ். 200 கேள்வியில் 100 இதுதான். இதில் 40 சதவீதம் வராவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஒரு சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணத்துக்கும் இதே வழிதான். 'படித்தனன்' என்று வந்தால் முதலில் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள்: படி பகுதி, கடைசி அன் விகுதி. நடுவில் மிஞ்சுவது த், த், அன். விகுதியை ஒட்டிய அன் சாரியை, அதற்கு முந்தைய த் காலம் காட்டும் இடைநிலை, பகுதியை ஒட்டிய த் சந்தி. வரிசையாக எழுதிப் பழகினால் சந்தியும் சாரியையும் இடம் மாறாது.

முதலாழ்வார் மூவர் பெயரில் தடுமாறுகிறவர்கள் திருக்கோவலூர் இடைகழிக் கதையைப் படித்துவிடுங்கள். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள ரேழிதான் இடைகழி. மழை இரவில் அங்கே பொய்கையார் படுத்திருக்க, பூதத்தார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயார் வந்ததும் மூவரும் நின்றார்கள். வரிசையும் அதேதான்.