இருபது என்றார்கள், பதினொன்றுதான் வந்தது

சென்ற ஆண்டு நான் வாங்கிய கார் 2017ஆம் ஆண்டு மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட சிறிய ஹேட்ச்பேக். வாங்கியபோது ஓடியிருந்த தூரம் 68,000 கி.மீ. புதிதாக விற்பனையில் இருந்த காலத்தில் லிட்டருக்கு 20 கி.மீ.க்கு மேல் தரும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வண்டி, என் கையில் பதினொன்றைத் தாண்ட மறுத்தது.

முதலில் அந்தப் பதினொன்று உண்மைதானா என்று பார்த்தேன். ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து மைலேஜ் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. அது கணக்கே அல்ல. டேங்கை நிரப்பி, பம்ப் தானாக முதல் முறை நின்றதும் நிறுத்தி, ட்ரிப் மீட்டரைச் சுழியத்தில் வைத்துவிட்டு, அடுத்த முறையும் அதே பங்க்கில், அதே பம்பில், அதேபோல முதல் நிறுத்தம் வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை அந்த இரண்டாம் முறை உள்ளே போன லிட்டரால் வகுத்தால் வருவதே மைலேஜ். எனக்கு 352 கி.மீ.க்கு 31.2 லிட்டர் பிடித்தது, அதாவது 11.3. அடுத்த இரண்டு டேங்க்குகளும் அதை ஒட்டியே வந்தன. அதே வேளையில் வண்டியின் திரை 12.7 என்று காட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தத் திரையை நான் நம்புவதில்லை.

அடுத்ததாக, விளம்பரத்தில் சொன்ன இருபது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்களில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்டிப் பெறும் எண் அது. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கி.மீ., சராசரி வேகம் 32 கி.மீ. அளவில் இருக்கும். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு நான் காலையில் போகும் எட்டு கி.மீ.க்கு நாற்பது நிமிடம் ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. இன்ஜினின் அளவீடுகளைப் படித்துச் சொல்லும் ஓபிடி கருவி ஒன்றை ஸ்டீயரிங்கின் கீழே செருகிக் கைப்பேசியில் பார்த்தபோது, ஏசி ஓட வண்டி நிற்கையில் மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் போவது தெரிந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் நான் சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கிறேன் என்றால், ஒரு பயணத்துக்குச் செலவாகும் 0.7 லிட்டரில் 0.3 லிட்டர் ஓர் அடி கூட நகராமலேயே எரிகிறது. இதற்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நெடுஞ்சாலையிலும் 14தான் வந்தது என்பது உறுத்தியது. டிசம்பர் மாதம் ஒரு விடியற்காலையில் விழுப்புரம் போய்க்கொண்டிருந்தோம். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு, பக்கத்தில் இருந்த என் மனைவி, "இந்த நீல விளக்கு ஏன் திரும்ப எரியுது?" என்று கேட்டாள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று சொல்லும் விளக்கு அது. கிளம்பிய சில நிமிடங்களில் அணைந்தால் பிறகு எரியவே கூடாது. கருவியைச் செருகிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடிய இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம் 58 டிகிரி. 85க்கு மேல் இருக்க வேண்டியது.

ஊர் திரும்பியதும் மெக்கானிக் ஹோஸைக் கழற்றிப் பார்த்தார். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உள்ளே, குளிர்விப்பதற்கென்றே ஊற்றும் கூலன்ட் திரவமும் இல்லை, துரு கலந்த பழுப்பு நிறத் தண்ணீர்தான். "ஹீட் ஏறுதுன்னு முன்னாடி யாரோ கழட்டி விட்டிருக்காங்க சார், நம்ம வெயிலுக்கு இது தேவையில்லன்னு நெறைய பேர் இப்படிப் பண்ணுவாங்க" என்றார். இது நம் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் வைத்தியம். சூடு ஏறுவதற்கு ரேடியேட்டர் அடைப்போ விசிறிக் கோளாறோ காரணமாக இருக்கும். அதைத் தேடுவதை விட வால்வைப் பிடுங்குவது எளிது. விளைவு என்னவென்றால், எதிர்காற்று வேகமாக வீசும் நெடுஞ்சாலையில் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றி, இன்ஜின் தன் வேலை வெப்பத்தை எட்டுவதே இல்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணும் ஈசியூ, அதாவது பெட்ரோலை அளந்து விடும் கணினி, கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆயிலும் போதிய அளவு இளகாமல் உராய்வைக் கூட்டுகிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது வால்வும் கூலன்டும் போட்டு, கூலியும் சேர்த்து 2,300 ரூபாய் ஆயிற்று. அடுத்த விழுப்புரம் பயணத்தில் கூலன்ட் 90 டிகிரியை ஒட்டியே நின்றது, மைலேஜ் 17.4. ஊருக்குள் 12.4.

டயர் காற்றும் ஒரு காரணம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் 33 பிஎஸ்ஐ என்று இருக்க, என் டயர்களில் 24, 26, 22, 27 இருந்தன. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடும் என்று சொன்ன பையனிடம், காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே தம்பி என்று சொல்லிவிட்டுச் சாதாரணக் காற்றையே பிடித்துக்கொண்டு வந்தேன். ஏர் ஃபில்டரையும் மாற்றினேன். அதனால் மைலேஜ் கூடவில்லை. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பவே ஈசியூ பெட்ரோலை அளந்து விடுவதால், ஃபில்டர் அடைத்தால் முதலில் குறைவது இழுவைதான்.

இப்போது எல்லோரும் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைத்தான் குறை சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பத்து விழுக்காட்டுக் கலவை இருபதானால், கணக்குப்படி மூன்று நான்கு விழுக்காடு குறையும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து இ10க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை இழப்பு இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தது. ஏழு விழுக்காட்டை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், என் வண்டியில் அது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. இருபதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் இருந்த இடைவெளியை அதனால் விளக்க முடியாது.

ஓட்டும் முறையில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அம்பாசிடர் ஓட்டிய அப்பா, இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டுவிடுவார். எனக்கும் அதையே கற்றுக்கொடுத்தார். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ மிச்சம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுதாக எடுத்தால் பெட்ரோல் வரத்தே நின்றுபோகிறது, சக்கரங்களே இன்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்தாக வேண்டும். கைப்பேசித் திரையில் பெட்ரோல் செலவைக் காட்டும் எண் சுழியத்துக்கு இறங்குவதைக் காட்டியபோதும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்குள் வந்த 12.4, டயர் காற்றைச் சரிசெய்த பின் 12.8 ஆனது. பிறகு ஒரு மாதம், எட்டரைக்குப் பதிலாக ஏழு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிப் பார்த்தேன். நாற்பது நிமிடப் பயணம் பத்தொன்பது நிமிடமாகச் சுருங்கியது. மாலையில் பழைய நெரிசலிலேயே திரும்பியும் அந்த டேங்க்கில் 14.6 வந்தது. காலைச் சாப்பாட்டை அலுவலகக் கேன்டீனில் முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.