உம் கொட்ட ஆளில்லாத ஊர்

டொராண்டோ வந்த பிறகு முதல் தடவையாக ஒரு கூட்டத்துக்கு முன்னால் கதை சொன்னேன். பெரியவர்கள் கூடிக் கதை கேட்கும் மாலை அது. எங்கள் கொங்கு நாட்டில் பாடும் பொன்னர்-சங்கர் கதையான அண்ணன்மார் கதையில் பன்றி வேட்டையை எடுத்துக்கொண்டேன். பெரிய வேட்டை நாய்களுக்கெல்லாம் மசியாத கொம்பன் என்ற காட்டுப்பன்றியை, யாரும் மதிக்காத குட்டி நாய் பொன்னாச்சி போய்க் கடிக்கும். எந்த இடத்தில் கடித்தது என்பதற்கு எங்கள் ஊரே உருண்டு சிரிக்கும். இங்கே எல்லோரும் கைகட்டிக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு 'உம்' இல்லை. முடிந்ததும் அழகாகக் கைதட்டினார்கள். மரியாதைதான், சரி. மனசு சப்பென்று ஆகிவிட்டது.

அம்மாவைப் பெற்ற அப்புச்சியிடம் இது நடக்காது. கட்டுத்தரை ஓரம் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தால், பேச்சுக்கு ஒரு 'உம்' வந்தாக வேண்டும். எங்கள் குரல் தேய்ந்தால் "தூங்கிட்டயா கண்ணு?" என்று நிறுத்திவிடுவார். அப்புறம் என்ன கெஞ்சினாலும் மிச்சம் நாளைக்குத்தான். உடுக்கடிப் பாட்டிலும் இதே சட்டம். பாடுகிறவருக்குப் பக்கத்தில் பின்பாட்டுக்காரர் இருந்து, கேட்கிற இடத்தில் கேட்டு, இழுக்கிற இடத்தில் இழுத்துக் கொடுத்தால்தான் கதை விடிய விடிய ஓடும்.

பிற்பாடு கனடாவில் பேராசிரியரான பிரெண்டா பெக், 1965இல் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கி, இதே கதையை 18 இரவுகள் பாடக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். அதை 26 பகுதிக் கார்ட்டூனாகவும் எடுத்தார். எங்கள் கதை எனக்கு முன்பே இந்த நாட்டுக்குக் குடிவந்துவிட்டது! என் மகளோ, நான் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில் பாத்ரூம் போக எழுந்து வீடியோவை நிறுத்தச் சொல்வதுபோல் "அம்மா, பாஸ் பண்ணு" என்கிறாள்.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. பனி அள்ளுகிறேன், காபிக் கடையில் இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை போட்ட டபுள் டபுள் கேட்டு வாங்குகிறேன். மாசி பிறந்தால் மட்டும், வீரப்பூர்த் திருவிழாவில் இந்நேரம் அண்ணன்மார் மாண்டதை நடத்திக் காட்டும் படுகளம் விழுந்திருக்குமே, தங்கச்சி தங்காள் அண்ணன்மாரை நினைத்து அழுதுகொண்டிருப்பாளே என்று, ஷவலைப் பிடித்தபடி வாசலில் நின்றுவிடுகிறேன்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியிடம் பேச்சோடு பேச்சாகக் கொம்பனை இழுத்தேன். "ஓம்... ஓம்... பிறகு?" என்று பிடித்துக்கொண்டார். நடுவில் குறுக்கு விசாரணை வேறு: "தமையன்மார் சாப்பாடு கட்டிக்கொண்டே போனவை?" அப்புச்சி கதையில் அது கிடையாது. நானே புளிச்சோறு கட்டிக் கொடுத்தனுப்பினேன். பொன்னாச்சி கடித்ததும் அன்ரிக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. மணி பதினொன்று. மிச்சம் அடுத்த வாரம் என்று எழுந்தால், கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார்:

"அந்தத் தங்கச்சிக்கு என்ன நடந்தது எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, பிள்ளை."