டிம்சம் கடையில் ஒரு கொலை: 'புஷிங் டெய்சீஸ்' பார்க்கும் நாட்கள்

2025 மார்ச் 4, செவ்வாய்

நெட் தொட்டால் செத்தவர் எழுந்து உட்காருவார். அவரே மறுபடி தொட்டால் அந்த ஆள் செத்துப்போவார், இந்த முறை நிரந்தரமாக. எழுந்தவரை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தால் பக்கத்தில் இருக்கும் வேறோர் உயிர் ஈடாகப் போய்விடும். 'புஷிங் டெய்சீஸ்' தொடர் முழுக்க இந்த மூன்று விதிகளின் மேல்தான் நிற்கிறது. 2007 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. உருவாக்கியவர் பிரயன் ஃபுல்லர். 'பை' (pie) என்ற பலகாரத்தைச் சுட்டு விற்கும் நெட்டாக லீ பேஸ் நடிக்கிறார். தனியார் துப்பறிவாளர் எமர்சன் காடுக்கு இந்தத் தொடல் ரகசியம் தெரியவர, இரண்டு பேரும் கூட்டுச் சேர்கிறார்கள். கொலையானவரை எழுப்பிக் கேட்பது, கொலையாளியைப் பிடிப்பது, வெகுமதியைப் பங்கு போடுவது, இதுதான் தொழில்.

இரவு சாப்பிடும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். "செத்தவனே வந்து சாட்சி சொல்றான்னா கதை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருமே! அப்புறம் மீதி நேரம் என்னடா பண்ணுவாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு இரண்டாம் பருவத்தின் ஐந்தாவது கதைதான் சரி. ஒரு சீன உணவகத்துக்குள் துப்பறியப் போகிறார்களே, அது.

மார்ச் 5, புதன்

அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். கொலையாளி யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.

டிம்சம், அதாவது சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் சீனப் பலகாரங்கள், விற்கும் கடையின் சமையல்காரர் சாகிறார். கதை அங்கிருந்து கிளம்புகிறது. நம் ஆட்கள் கடைக்குள் வாடிக்கையாளர் மாதிரி நுழைகிறார்கள். போலீஸ் மஃப்டியில் போய் உட்காருவது போலத்தான், ஆனால் இங்கே தட்டு நிறையச் சாப்பாடும் உண்டு. உள்ளே போனால் வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. தள்ளுவண்டியில் வரும் பலகாரங்களை வைத்தே ஒரு சூதாட்டம். எந்த மேசைக்கு எந்தத் தட்டு போகிறது என்பதுதான் சீட்டு.

அக்காவின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் செத்தவர் எதைச் சொல்ல முடியும்? தான் கடைசியாகப் பார்த்ததை. பின்னாலிருந்து அடித்திருந்தால் அதுவும் தெரியாது. இந்தத் தொடரில் எழும்புகிறவர்கள் பாதிப்பேர் அந்த நிமிடத்தைத் தங்கள் சொந்தக் கவலையில் கரைத்துவிடுகிறார்கள். எமர்சன் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். செத்தவரிடமிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயர், ஓர் இடம், ஒரு பொருள். அது ஏன் என்று தெரிய வேண்டுமானால் உயிரோடு இருப்பவர்கள் மத்தியில் போய் உட்கார வேண்டும். அவர்கள் யாரிடம் சிரிக்கிறார்கள், யாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். தொடலின் மாயம் எனக்கு இதனால்தான் பிடித்திருக்கிறது. அது துப்பறியும் வேலையைச் சுலபமாக்குவதே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

மஃப்டியில் போவதற்கு டிம்சம் கடை எவ்வளவு பொருத்தமான இடம் என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

தென்சீனாவின் கான்டனீஸ் மக்கள் டிம்சம் சாப்பிடப் போவதை 'யம் சா' என்பார்கள், தேநீர் குடிக்கப் போவது. காலையில் தொடங்கி மதியம் வரை குடும்பமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். பழைய பாணிக் கடைகளில் மூங்கில் கூடைகளை அடுக்கிய வண்டி மேசைக்கு மேசை வரும். நம் கல்யாணப் பந்தியில் வாளியோடு வருகிறவர் மாதிரி, வண்டி தள்ளுகிறவர் எல்லா மேசைக்கும் போவார், எல்லா முகத்தையும் பார்ப்பார், அவரை யாரும் பார்ப்பதில்லை. ஹர் காவ் என்ற இறால் கொழுக்கட்டை, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிய மாவில் மடிப்பு மடிப்பாக. ஸியூ மை, மேல்பக்கம் திறந்திருக்கும் பன்றி இறைச்சி உருண்டை. சார் ஸியூ பாவ், இனிப்பான வறுத்த பன்றி இறைச்சி வைத்து ஆவியில் வெந்த வெள்ளை பன். கோழிக்கால் கூட உண்டு, எண்ணெயில் பொரித்து, குழம்பில் ஊறவைத்து, மறுபடி ஆவியில் வேகவைத்தது.

தட்டு எடுத்ததும் மேசையில் கிடக்கும் அட்டையில் ஒரு முத்திரை குத்துவார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று விலைக்குத் தகுந்த கட்டத்தில். கடைசியில் அதை எண்ணித்தான் பில். தேநீர்க் கூஜாவின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் ஊற்றுங்கள் என்று அர்த்தம். ஊற்றுகிறவருக்கு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தால் அந்தச் சூதாட்டக் கற்பனை எவ்வளவு கச்சிதம் என்று புரிகிறது. வாயே திறக்காமல் தகவல் போகிற பழக்கம் அந்த மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதியவர்கள் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. நெட் தொட்டு எழுப்பியவர்களில் அவர் திரும்பத் தொடாமல் விட்டுவைத்தது 'சக்' என்ற பெண்ணை. சின்ன வயதுக் காதலி, ஆனா ஃப்ரீல் நடிக்கிறார். தவறியும் விரல் பட்டால் அவள் கதை முடிந்தது. நடுவில் வைத்து எல்லோரும் கை நீட்டி எடுக்கும் சாப்பாட்டு மேசையில் இப்படிப்பட்ட இரண்டு பேர் உட்காருவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குச்சிகள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு விஷயம் உறுத்துகிறது, அதையும் எழுதிவிட வேண்டும்.

சீன உணவகம் என்றால் பின்கட்டில் சூதாட்டம் என்பது மிகப் பழைய தேய்ந்த வழக்கம். 1929-இல் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவரும் அந்த வகைக் கதை எழுதியவர்தான். ஐந்தாவது விதி, கதையில் சீனர் யாரும் வரக் கூடாது என்பது. அன்றைய மலிவுக் கதைகளில் மர்மமான சீன வில்லன் அந்த அளவுக்கு மலிந்து கிடந்தான்.

உண்மைக் கதை வேறு. 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வருவதற்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தது. வணிகர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளர்களையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. அதற்குப் பிறகு பலருக்கு உணவகம் வைப்பதுதான் சட்டப்படி நாட்டுக்குள் வரவும், சொந்தக்காரர்களை அழைத்துக்கொள்ளவும் வழியானது. தடை நீங்கியது 1943-இல். அப்போதும் ஆண்டுக்கு 105 பேர்தான். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் கதவு உண்மையில் திறந்தது. நியூயார்க்கில் டாயர்ஸ் தெருவில் 1920-இல் திறந்த 'நாம் வா' என்ற தேநீர்க் கடை இந்தக் காலமெல்லாம் தாண்டி டிம்சம் விற்றுக்கொண்டிருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சீன உணவகத்தின் சமையலறையைக் குற்றம் நடக்கும் இடமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதை அந்தப் பழைய வழக்கத்தைப் பயன்படுத்துகிறது, மறுப்பதற்கில்லை. நான் தொடரை ரொம்ப நேசிக்கிறேன், இருந்தாலும் இந்த இடத்தில் அது இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பாத்திரங்களை எல்லாம் பொம்மை உலகத்து மனிதர்கள் மாதிரி வைப்பது இந்தத் தொடரின் பாணி என்று சொல்லலாம். கன்னியாஸ்திரீ மடம், தேனீ வைத்து அழகுசாதனம் செய்யும் கம்பெனி, சர்க்கஸ் எல்லாம் இதே பருவத்தில் இதே மாதிரிதான் வருகின்றன. ஆனால் சர்க்கஸ்காரர்களை நாட்டுக்குள் விடாமல் யாரும் சட்டம் போடவில்லையே.

மார்ச் 12, புதன்

அக்காவுக்கு ஆலிவை ரொம்பப் பிடித்துவிட்டது. பை கடைப் பணிப்பெண், நெட்டின் மேல் ஒருதலைக் காதல். கிறிஸ்டின் செனொவெத் இந்தப் பாத்திரத்துக்காக 2009-இல் எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதை வாங்கினார். எனக்கு எமர்சன். சை மெக்பிரைட் நடிக்கிறார். அவ்வளவு பெரிய உருவம், மனது கலங்கினால் ஊசியை எடுத்துக் கம்பளி பின்ன ஆரம்பித்துவிடும்.

மார்ச் 15, சனி

இந்தத் தொடர் மொத்தம் 22 கதைகள்தான். முதல் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2007 நவம்பரில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்தது, ஒன்பதோடு நின்றது. மறுபடி தொடங்கியபோது பழைய பார்வையாளர் கூட்டம் திரும்பவில்லை. 2008 நவம்பரில் நிறுத்துவதாகச் செய்தி வந்தது. மிச்சமிருந்த மூன்று கதைகளை 2009 கோடையில் ஒளிபரப்பினார்கள். ஏழு எம்மி வாங்கிய தொடருக்கு இது அநியாயம் என்று இப்போதும் சொல்வேன். அதிலும் டிம்சம் கதையோடு நெட்டின் அப்பா பற்றிய கதை இழை ஒன்று இழுபடுகிறது. ட்வைட் டிக்ஸன் என்ற ஆள் அவரைத் தேடிக்கொண்டு திரிகிறார். சிறுவயதிலேயே மகனை விட்டுப்போன அந்த அப்பா யார், எங்கே இருக்கிறார் என்பதை நிதானமாகச் சொல்லி முடிக்க அவர்களுக்கு நேரம் கொடுத்திருக்கலாம்.

அக்கா இப்போது கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் துப்பறிய ஆரம்பித்திருக்கிறாள். செத்தவர் பேசும் நிமிடத்தில் குறிப்பெடுக்கிறாள். அடுத்தது மந்திரவித்தைக்காரர்கள் வருகிற கதை. நாளை இரவு பார்க்கிறோம், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.