மத்யமம் இறங்கும் இடம்

நவம்பர் 3

ஜாஸ் கிட்டாரில் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் ஆகிய மூன்று கார்டுகளைத் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) தவிர இந்த வாரம் வேறெதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நான் பின்பற்றும் பாடமுறை அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது: முதலில் ஒவ்வொரு கார்டின் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் மட்டும், அவை கைக்குள் வந்தபின் கார்டின் நான்கு ஸ்வரங்களும், அதற்கும் பிறகே நடுவில் வரும் மற்றவை. ஸ்கேலை (ஸ்வர வரிசையை) மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருப்பதற்கு இதில் இடமே இல்லை.

நவம்பர் 4

சித்தியோடு கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

நவம்பர் 6

நான்காம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டையில்) எஃப், மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் சி. டி மைனர் செவனை உணர்த்த இவ்விரண்டும் போதும். ஜி செவன் வரும்போது எஃப் அங்கேயே இருக்க, சி மட்டும் ஒரு ஃபிரெட் இறங்கி பி ஆகிறது. சி மேஜர் செவனில் பி அங்கேயே இருக்க, எஃப் ஒரு ஃபிரெட் இறங்கி இ ஆகிறது. மூன்று கார்டுகள் மாறுவதற்கு இரண்டு விரல்கள் மாற்றி மாற்றி ஒவ்வோர் அடி இறங்கினால் போதும் என்பதைக் கண்ணால் பார்த்தபோது அப்படியொரு மகிழ்ச்சி.

உள்ளறையிலிருந்து சித்தி கேட்டார்: "ச-நி, அப்புறம் ம-க. இதைத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கிறே? அந்த மத்யமம் ஏன் ஒரு இடத்துல நிக்குது, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது?"

சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் எஃப்தான் அந்த மத்யமம், இ காந்தாரம், பி நிஷாதம். இவ்வளவு சரியான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு ராகத்தில் மத்யமத்தின் குணத்தை அந்த ராகமே தீர்மானித்துவிடுகிறது. இங்கே, நான்கு பார்களுக்குள் (தாளச் சுற்றுகளுக்குள்) ஒரே எஃப் மூன்று நிலைகளை அடைகிறது: முதல் கார்டில் மூன்றாம் ஸ்வரமாக நிம்மதியாக அமர்ந்திருக்கிறது, இரண்டாவதில் ஏழாம் ஸ்வரமாகி இறங்கத் துடிக்கிறது, மூன்றாவதில் நீடித்தால் உரசுகிறது. ஸ்வரம் மாறவில்லை, அதன் அடியில் தரை மாறுகிறது. வீணையிலேயே வாழ்ந்த சித்திக்கு இதை நான் விளக்கி முடிப்பதற்குள் மருந்து நேரம் வந்துவிட்டது.

நவம்பர் 7

இரவு முழுவதும் ஒரே கவலை. எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு வாசித்தால் அது கற்பனையாகுமா? 1939இல் ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து, 1942இல் தமது 25ஆம் வயதில் மறைந்த ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை (தனி வாசிப்புகளை), இன்னொரு ஜாஸ் கிட்டார் கலைஞரான வெஸ் மான்ட்கோமெரி காதால் கேட்டே அப்படியே வாசிக்கக் கற்றார். பிற்காலத்தில் அவர் தமது சோலோக்களையே பல சமயங்களில் ஒற்றை ஸ்வரங்கள், பிறகு ஆக்டேவ்கள் (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயிகளில்), பிறகு கார்டுகள் என்று படிப்படியாக எழுப்பினார். அவரை யாரும் கற்பனை வறண்டவர் என்று சொல்ல மாட்டார்கள். கற்பனாஸ்வரம் பயிலும் மாணவருக்கும் முதலில் சொல்லித்தருவது பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்புக்குச் சரியாக வந்து சேர்வதைத்தான். சேருமிடம் உறுதியாக இருப்பதால்தான் வழியில் துணிந்து அலைய முடிகிறது என்று நான் நம்புகிறேன்.

நவம்பர் 9

மழை. மின்சாரம் இல்லாததால் ஆம்ப்ளிஃபையர் இல்லாமலே வாசித்தேன்.

நவம்பர் 10

தாளம் தட்டும் கருவியான மெட்ரனோமை நிமிடத்துக்கு 50 தட்டுகளில் வைத்து, அவற்றை நான்கு அடித் தாளத்தின் இரண்டாவது, நான்காவது அடிகளாக எண்ணினால் வேகம் 100 ஆகிறது. முதல் அடியை நாமே மனத்துக்குள் தாங்கிக்கொள்ள வேண்டும். மனம் ஒரு நொடி கோரிமேட்டுக்குப் போனாலும் தட்டு இடம் மாறிவிடுகிறது.

நவம்பர் 12

வாசிப்பதற்கு முன் பாட வேண்டும், பாட முடிந்ததை மட்டுமே வாசிக்க வேண்டும் என்பது இந்த வாரப் பயிற்சி. என் குரலைக் கேட்ட சித்தி, தலையணையில் சாய்ந்தபடியே, மத்யமத்திலிருந்து காந்தாரத்துக்கு ஓர் இறக்கத்தைக் கமகத்தோடு பாடிக் காட்டினார். அதைக் கிட்டாரில் வெறும் எஃப், இ என்று வாசித்தால் உயிர் போய்விடுகிறது. ஜாஸுக்கான தடித்த தந்தியை இழுத்து வளைப்பதும் எளிதல்ல. எனவே பாடமுறையின் அடுத்த படியை இன்றே எடுத்துக்கொண்டேன்: மேலே எஃப், கீழே டி ஷார்ப், அதன்பின் இ. சேர வேண்டிய ஸ்வரத்தை இரு பக்கமும் சூழ்ந்துவிட்டு அதில் இறங்குவது. இது கமகம் ஆகாது. ஆனால் காதைக் காத்திருக்க வைத்து, பிறகு நிறைவளிக்கிறது.

சித்தி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை.

நவம்பர் 13

நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதே நாள், இரவு

தூக்கம் வரவில்லை. எஃப் கீக்கு, அதாவது எஃப்-ஐ ஷட்ஜமாகக் கொண்ட சுருதிக்கு, மாறினேன்: ஜி மைனர் செவன், சி செவன், எஃப் மேஜர் செவன். இங்கேயும் எஃப், இ-க்கு இறங்குகிறது. ஆனால் இப்போது அது முடிவில் அல்ல, நடுவிலேயே நிகழ்கிறது. சி கீயில் ம-க என்று ஒலித்த அதே இரண்டு ஃபிரெட்கள் இப்போது ச-நி ஆகிவிட்டன. பி ஃப்ளாட்டிலிருந்து ஏ-க்கு இறங்குவதுதான் இங்கே ம-க. சித்தி விழித்திருந்தால் உடனே பிடித்திருப்பார். அடுத்தது பி ஃப்ளாட் கீ. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், ஐந்தரைக்கே எழுந்து அதன் மூன்று கார்டுகளையாவது